இருபத்தைந்து பக்கம்

எம்.எஃப்.ஏ. என்று சொன்னால் அயனம்பாக்கத்தில் எம்.பி.ஏ. என்றுதான் காதில் விழும். "நல்லதுதானே, பேங்க்ல எடுத்துப்பாங்க" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. இல்ல அத்தை, இது கதை எழுதுற படிப்பு என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அதுக்கு எதுக்கும்மா படிப்பு?" என்று கேட்டார்.

அத்தைக்கு விவரம் பத்தாது என்று சொல்லித் தள்ளிவிட முடியாத கேள்வி. இலக்கியக் கூட்டங்களிலும் இதைத்தான் கேட்கிறார்கள், என்ன, கொஞ்சம் கனமான வார்த்தைகளில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஜெயகாந்தனை உதாரணம் காட்டுவார்கள். நான் பதில் வைத்திருக்கவில்லை. எனக்கு வேண்டியது எழுதக் கற்றுக்கொள்வதைவிட, எழுத இரண்டு வருஷ நேரம். ஷிஃப்ட் இல்லாத, பெண் பார்க்க வருபவர்கள் இல்லாத இரண்டு வருஷம். அதை யாராவது சம்பளம் கொடுத்துத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு இருபத்தாறு வயது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கதைக்கும் கவிதைக்கும் முதுகலைப் பட்டம் உண்டு. 1936-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப்தான் இதற்கெல்லாம் மூத்தது. பத்துப் பன்னிரண்டு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, உன் கதையை உன் எதிரிலேயே பிரித்துப் போடுவார்கள். எழுதினவர் பல இடங்களில் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு அல்லது மூன்று வருஷம். பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வைத்து, கைச்செலவுக்கு உதவித்தொகையும் தருகின்றன. ஃபுல்லி ஃபண்டட் என்பார்கள். அந்த இரண்டு வார்த்தைகள்தான் என்னை இழுத்தன. இங்கிலாந்தில் ஒரே வருஷப் படிப்பு. 1970-இல் ஈஸ்ட் ஆங்லியாவில் ஆரம்பித்தார்கள். இயன் மெக்யூவனும் கசுவோ இஷிகுரோவும் படித்த இடம். ஆனால் அங்கே முழு உதவித்தொகை மிகச் சிலருக்குத்தான் கிடைக்கும் என்பதால் அந்தப் பக்கத்தை மூடி வைத்தேன்.

அயோவா என்றதும் அசோகமித்திரன் போனாரே என்று கேட்பீர்கள். அவர் போனது வேறு. 1967-இல் பால் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் அதே ஊரில் தொடங்கிய இன்டர்நேஷனல் ரைட்டிங் ப்ரோகிராமுக்கு 1973-இல் போனார். பட்டமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. ஏற்கெனவே எழுத்தாளர் ஆனவர்களைப் பல நாடுகளிலிருந்து கூப்பிட்டுச் சில மாதங்கள் தங்கவைப்பார்கள். அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் 'ஒற்றன்'. விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் அதை இரண்டு முறை படித்தேன். கதைசொல்லி அங்கே குளிரோடும் செருப்போடும் சாப்பாட்டோடும்தான் அதிகம் மல்லாடுகிறார். இலக்கியம் அப்புறம்தான் வருகிறது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆங்கில எம்.ஏ. என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, தொலைநிலைக் கல்வியில் வாங்கியது. நம் ஊரில் எம்.ஏ. இங்கிலீஷ் என்றால் சாஸரில் ஏறி பெக்கெட்டில் இறங்குவது. நடுவில் எங்கேயும் உன்னை ஒரு வரி சொந்தமாக எழுதச் சொல்ல மாட்டார்கள். ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண், பதினைந்து மதிப்பெண் என்று விடைகள் மட்டும் எழுதலாம். ஆர்.கே. நாராயண் மைசூரில் பி.ஏ. முடித்துவிட்டு எம்.ஏ. விண்ணப்பத்தோடு போனபோது, எம்.ஏ. படித்தால் இலக்கியத்தின் மேலிருக்கிற ஆசையே போய்விடும் என்று சொல்லி நண்பர் ஒருவர் தடுத்துவிட்டார். அதற்கு முன்னால் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவர் ஃபெயிலானது ஆங்கிலத்தில். 1935-இல் அவருடைய முதல் நாவல் வெளிவர, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த இன்னொரு நண்பர் கையெழுத்துப் பிரதியைக் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு நண்பர் தடுத்தார், ஒரு நண்பர் கொடுத்தார். எனக்கு ஆக்ஸ்ஃபோர்டில் ஆள் இல்லை, அதனால் போர்ட்டல்தான்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற ஒரு கம்பெனியில் காப்பி எடிட்டர். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு வருகிற கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்தி, மேற்கோள் பட்டியலைச் சரிபார்த்து, பக்க வடிவமைப்புக்கு அனுப்ப வேண்டும். சென்னையில் இந்த வேலை பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். உலகத்தின் எந்த நூலகத்தில் எந்த ஆய்விதழைத் திறந்தாலும், அதில் ஏதாவது ஒரு கமா சென்னையில் வைத்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பகல் முழுக்க அமெரிக்கப் பேராசிரியர்களின் வாக்கியங்களைத் திருத்துகிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க 16,000 ரூபாய்க்கு மேல் கட்டி ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினேன். பேச்சுத் தேர்வில், நீங்கள் சமீபத்தில் ரசித்த ஒரு பூங்காவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். அயனம்பாக்கம் ஏரியைச் சொன்னேன். பூங்கா இல்லைதான், ஆனால் கரையில் நடக்கலாம், கொக்கும் நீர்க்காகமும் வரும். ஏழரை கிடைத்தது.

அடுத்தது பரிந்துரைக் கடிதங்கள், மூன்று வேண்டும். கல்லூரியில் எனக்கு வகுப்பெடுத்த மேடம், "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறார். ஆனால் அந்தப் போர்ட்டல்கள் கையெழுத்தைக் கேட்பதில்லை. அவருடைய நிறுவன மின்னஞ்சலுக்கு ஒரு லிங்க் போகும், அதை அவரே திறந்து ஏற்ற வேண்டும். மேடத்துக்கு நிறுவன மின்னஞ்சல் கிடையாது. ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்கே போய், பக்கத்தில் உட்கார்ந்து, ஏழு லிங்க்குகளையும் திறந்து கொடுத்தேன். ஆறாவதில் அவரே, "என்னடி இது, இந்த மாணவியை எத்தனை சதவீதத்தில் வைப்பீர்கள்னு கேக்கறான்? நீ பாட்டுக்கு டாப் ஒன் பர்சென்ட்ல போடு" என்றார். நான் ஐந்தில் போடச் சொன்னேன். மேடம் கேட்கவில்லை.

பணம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 50 முதல் 100 டாலர் வரை. ஏழு இடத்துக்கு 490 டாலர், அன்றைய விலையில் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. அப்பா கடைசல் பட்டறையில் டர்னர், முப்பத்தோரு வருஷமாக அதே எஸ்டேட்டில். எடுக்காவிட்டால் திருப்பித் தர மாட்டான் என்பதை அவரால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. "வேலைக்கு மனு போட்டா காசு கேக்கறவன் ஃபிராடுன்னு நீதான பாப்பா சொல்லுவ?" என்றார். அம்மா பேசாமல் தெருச் சீட்டைத் தள்ளி எடுத்தாள். அது என் நகைக்காகப் போட்ட சீட்டு. அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உதவித்தொகை பக்கம் போனால் வேறு கதை. ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கு ஒரு பாடப் பட்டியல் உண்டு. இதழியல், பொதுச் சுகாதாரம், நகரத் திட்டமிடல் எல்லாம் இருக்கிறது, கதை எழுதுவது இல்லை. ஒன்றிய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்புக்கு என் தோழி ஒருத்தி தகுதியானவள். 2022-இல் அதன் விதிகளை மாற்றி, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வுகள் ஆகியவற்றுக்கு அந்தப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தலித் மாணவர்களுக்காகவே முக்கியமாக இருக்கும் திட்டத்தில், உன்னைப் பற்றிப் படிக்க வெளியே போகாதே என்று எழுதி வைத்திருப்பதாக அவள் சொன்னாள். அவள் பொருளாதாரத்துக்கு மாறிவிட்டாள். நன்றாகத்தான் படிக்கிறாள், ஆனாலும்.

இதெல்லாம் சுற்றுவேலை. இந்த விண்ணப்பத்தில் உண்மையில் எடை போடுவது எழுத்து மாதிரியை மட்டும்தான். பல இடங்களில் ஜி.ஆர்.இ.கூடக் கேட்பதில்லை; மதிப்பெண் பட்டியலைத் திறந்து பார்ப்பார்களா என்பதே சந்தேகம். ஏறக்குறைய இருபத்தைந்து பக்கம், இரட்டை இடைவெளி. அயோவாவில் கதைப் பிரிவுக்கு ஆயிரத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்து இருபத்தைந்து பேர் அளவுக்குத்தான் எடுக்கிறார்கள். யாரோ ஒருவர் ஒரு குளிர்கால இரவில் கட்டிலிருந்து என் கதையை எடுத்து இரண்டு பக்கம் படிப்பார். மூன்றாவது பக்கத்துக்குப் போவாரா என்பதுதான் எல்லாம்.

நான் எழுதியது அப்பாவின் பட்டறையைப் பற்றிய கதை. இரண்டு டர்னர்கள், ஒரு ஹெல்ப்பர் பையன், ஓர் இரவு ஷிஃப்ட். தமிழில் எழுதியிருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதப் போய் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். 'ஜாப்' என்ற சொல்லில்.

பட்டறையில் ஜாப் என்றால் வேலை கிடையாது. சக்கில் மாட்டிக் கடைகிற இரும்புத் துண்டுக்குப் பெயர் ஜாப். "ஜாப் ஆடுது", "ஜாப்பைக் கழட்டு", "ஜாப் சூடாயிருக்கு, தொடாத." அப்பா வாயிலிருந்து ஒரு நாளைக்கு நூறு தடவை வரும் சொல். தமிழில் எழுதினால் யாருக்கும் விளக்க வேண்டாம், வாக்கியமே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அதையே வைத்தால், பிடித்திருந்த வேலை சூடாக இருந்தது என்று அமெரிக்கக்காரர் குழம்புவார். 'ஒர்க்பீஸ்' என்று சரியான சொல் இருக்கிறது. அதைப் போட்டால் அது அப்பா பேச்சாக இல்லை, கையேட்டில் இருக்கிற பேச்சு. கம்பெனி என்ற சொல்லும் அப்படித்தான். ஆறு பேர் வேலை செய்கிற ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையை நாங்கள் கம்பெனி என்கிறோம். டூட்டி, ஓ.டி., செட்டிங், லைன், பார்ட்டி, எல்லாமே எங்கள் தமிழ். நூறு வருஷமாக நாம் எடுத்துப் புழங்கித் தேய்த்து வேறு அர்த்தம் கொடுத்த சொற்களை, அவற்றின் சொந்தக்காரருக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இட்லி, சாமி, ஆடிக்கூழ் மாதிரி சொற்கள் எனக்குத் தொந்தரவே தரவில்லை. அவற்றை அப்படியே விட்டால் ஆங்கில வாசகர், இது அந்த ஊர்ச் சொல் என்று மரியாதையாகக் கடந்து போவார். தனக்குத் தெரிந்த சொல் என்று நினைத்துக்கொள்கிற இடத்தில்தான் வழுக்கி விழுவார். ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகையை மொழிபெயர்த்தபோது அவருக்கு எதிரில் இருந்தது இரண்டாயிரம் வருஷத் தூரம். எனக்கு எதிரில் இருந்தது தூரமே இல்லாத ஒன்று. சும்மா சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். அந்தக் குறுந்தொகை அவர் கையில் கிடைத்ததே 1962-இல், சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் தேடிப் போனபோதுதான். உ.வே.சா. பதிப்பு. அதைப் படித்தபோது, நம் வீட்டு அலமாரியை நம்மிடம் காட்ட அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று எனக்கு எரிச்சலும் வந்தது, பொறாமையும் வந்தது.

நோக்க அறிக்கை என்று ஒன்று எழுத வேண்டும், ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ். ஏன் எழுதுகிறாய், ஏன் இங்கே, ஏன் இப்போது. இணையத்தில் மாதிரிகள் கிடைக்கின்றன. நம் ஊர்க்காரர்கள் எழுதியதில் பாதியில் ஒரு பாட்டி வருகிறார், கதை சொல்லுகிறார், நிலா இருக்கிறது. எங்கள் ஆயா கதையே சொன்னதில்லை. ரேஷன் கடையில் நின்று வந்து கால் வலிக்கிறது என்று படுத்துவிடும். பாட்டி இல்லாத அறிக்கை எடுபடுமா என்று நிஜமாகவே யோசித்தேன். ஆங்கிலத்தில் ஏன் எழுதுகிறேன் என்ற கேள்விக்குத்தான் அதிக நாள் பிடித்தது. நகுலன் ஆங்கிலப் பேராசிரியராக வேலை பார்த்துக்கொண்டு, தமிழில் நகுலனாகவும் ஆங்கிலத்தில் டி.கே. துரைஸ்வாமியாகவும் எழுதினார். எனக்கு அந்த வசதி இல்லை. ஒரே பெயர்தான் இருக்கிறது. கடைசியில், தமிழில் எழுத எனக்கு யாரும் சம்பளத்தோடு இரண்டு வருஷம் தருவதில்லை என்று நேராக எழுதினேன். பிறகு அந்த வரியைக் கொஞ்சம் மரியாதையாக மாற்றினேன்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். மூன்று விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் 15. எங்கள் தெருவில் மின்சாரம் போனது, நெட் போனது, முழங்கால் அளவு தண்ணீர். லேப்டாப்பில் நாற்பது சதவீதம் இருந்தது. அதை அணைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி டிரம்மின் மேல் வைத்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்து பட்டறைகள் நின்றுவிட்டன. அப்பா மூன்றாம் நாள் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். லேத் மோட்டார்கள் முங்கியிருந்தன. பெட்டின் மேல் சேறு. அந்த மாதம் சம்பளம் பாதிதான் வரும் என்று ஓனர் சொல்லிவிட்டாராம். இரவு மெழுகுவர்த்தியில் சாப்பிடும்போது, "கடைசி நாள் என்னைக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "மீதி மூணுக்கும் கட்டிடு. மோட்டார் வைண்டிங் பண்ணா ஓடும்" என்றார். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. 8-ஆம் தேதி வானகரம்–அம்பத்தூர் சாலையில் ஒரு டீக்கடையில் ஜெனரேட்டர் ஓடியது. அங்கே பிளக் கேட்டு உட்கார்ந்து, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஒவ்வொன்றாக அனுப்பினேன். டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. நான்கு டீ குடிக்க வைத்தார்.

பிப்ரவரி கடைசியிலிருந்து பதில்கள் வந்தன. பெரும்பாலும் இரவில், அங்கே பகல். மிகவும் மரியாதையான நிராகரிப்புகள். இந்த ஆண்டு விண்ணப்பித்தவர்களின் தரம் அசாதாரணமானது என்று ஐந்து பல்கலைக்கழகங்களும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில் சொன்னதை, தொழில் பழக்கத்தில் நகல் என்று குறித்துக்கொண்டேன். ஓர் இடத்தில் காத்திருப்போர் பட்டியல். ஓர் இடத்தில் கிடைத்துவிட்டது. உதவித்தொகை இல்லாமல்.

கட்டணமும் தங்குவதும் சேர்த்து இரண்டு வருஷத்துக்கு அறுபது லட்சத்துக்கு மேல் வந்தது. அப்பா அன்று இரவே பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்தார். அரை கிரவுண்டு. ஏரிக்கரைப் பக்கம் யாரும் வாங்காத காலத்தில் வாங்கியது. இப்போது சுற்றிலும் அபார்ட்மென்ட். "வெச்சா பேங்க்ல குடுப்பான்" என்றார். முடியாதுப்பா என்றேன். எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள் கடனை இரண்டு மூன்று வருஷத்தில் அடைத்துவிடுகிறார்கள். இந்தப் படிப்பு முடித்தவர் என்ன சம்பாதிப்பார் என்று எனக்குத் தெரியும். வருகைதரு ஆசிரியர் வேலை, ஒரு செமஸ்டருக்கு இத்தனை என்று. கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா கணக்கைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சரியம் அம்மாதான். பத்திரத்தை வைக்கக் கூடாது என்று சண்டை போடுவாள் என்று நினைத்திருந்தேன். "உனக்குப் பயமா, இல்ல எங்க மேல பாவம் பாக்கறியா?" என்று கேட்டாள். கணக்குதாம்மா என்றேன். "கணக்குப் பாத்தா இந்த வீட்டை வாங்கினோம்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு இன்றைக்கும் அதற்குப் பதில் கிடையாது, ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவும் தோன்றவில்லை.

ஏப்ரல் 15 என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குள் ஒரு பொது ஏற்பாடு. உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் அதற்குள் பதில் சொன்னால் போதும். அன்றைக்கு நிறையப் பேர் வேண்டாம் என்பார்கள், காத்திருப்போர் பட்டியல் நகரும். அன்று இரவு இரண்டு மணி வரை விழித்திருந்தேன். நகரவில்லை. மூன்று வரியில் வேண்டாம் என்ற மடலை அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

ஜூனில் வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' நாவலுக்கு விமன்ஸ் பிரைஸ் கிடைத்தது. யாழ்ப்பாணத்தைப் பற்றிய கதை. எழுதியவர் அயோவாவில் படித்தவர், இப்போது மினசோட்டாவில் அதே எம்.எஃப்.ஏ. வகுப்புகள் எடுப்பவர். ஆபீஸ் கேன்டீனில் செய்தியைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் வயிறும் எரிந்தது. அவர் அமெரிக்காவில் வளர்ந்தவர், அவருடைய ஆங்கிலம் வேறு. அவர் நாவலில் இருக்கிற இங்கிலீஷ்காரருக்குத் தெரியாத சொற்களை அவர் எங்கே விளக்குகிறார், எங்கே விடுகிறார் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தேன்.

2025 பிப்ரவரியில், அசோகமித்திரன் போன அந்த அயோவா திட்டத்துக்குப் பல காலமாகத் தந்துவந்த நிதியை அமெரிக்க வெளியுறவுத் துறை நிறுத்தியது. மே மாதக் கடைசியில் மாணவர் விசா நேர்காணல்களுக்குப் புதிய தேதி தருவதைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தார்கள். "நல்லவேளை போகல" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. அவருக்கு இப்போது விவரமெல்லாம் தெரிகிறது, யூட்யூபில் பார்க்கிறார்.

ஆனால் இந்த வருஷம் மறுபடி போடுகிறேன், நான்கு இடத்துக்கு மட்டும். அதில் ஒன்று இலக்கிய மொழிபெயர்ப்புக்கான எம்.எஃப்.ஏ.; அயோவாவில் அதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறது. பட்டறைக் கதையை முதலில் தமிழில் முழுசாக எழுதினேன். பத்து நாள் என்று சொன்னேன் அல்லவா, மூன்று மாதம் ஆனது. அப்பா படித்தார், ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. ஹெல்ப்பர் பையனுக்கு என்ன சம்பளம் போட்டிருக்கிறாய் என்று மட்டும் கேட்டார். இப்போது அதை நானே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறேன். 'ஜாப்' வருகிற இடத்தில் ஜாப் என்றே விட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் ஒருவன் அதைச் சக்கிலிருந்து கழற்றுகிறான், கை சுடுகிறது, உதறுகிறான். அதிலேயே புரியும் என்று நினைக்கிறேன். புரியாவிட்டால் மூன்றாவது பக்கத்துக்கு வர மாட்டார்கள். இன்னும் பதினோரு பக்கம் பாக்கி. கடைசி நாள் டிசம்பர் 15.